ஹ்வாங்கே வழியாக அருவிக்கு

என் அப்பா ஜைரோஸ் மட்சிக்கா சிறையிலிருந்து வெளியே வந்தது ஒரு ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை. ஹராரேயில் அன்று நல்ல குளிர். உள்ளே போகும்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது, எனக்குப் பதினொன்று. பதினாறு வருடத்தில் நான் அவரைப் போய்ப் பார்த்தது ஒன்பது தடவை. குறைவுதான். பேருந்து தூரம், பள்ளிக்கூடம், பிறகு வேலை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது.

அவர் லாரி ஓட்டுநர். ஹ்வாங்கே சுரங்கத்திலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு கிழக்கே வருவார். ஒருநாள் சுரங்கத்து வாசலில், சுமை ஏற்றக் காத்திருந்த வரிசையில், யார் லாரி முன்னால் என்று இன்னொரு ஓட்டுநரோடு தகராறு. அப்பா கையில் சக்கரம் கழற்றும் ஸ்பேனர் இருந்தது. ஒரே அடி. எஃப்ராயிம் சூமா என்ற அந்த மனிதர் அங்கேயே செத்துப்போனார். அப்பா ஓடவில்லை. லாரிப் படியில் உட்கார்ந்திருந்தார் என்று கோர்ட்டில் சொன்னார்கள்.

இரண்டாம் வருடம் அம்மா எல்லை தாண்டி தென்னாப்பிரிக்காவில் பொலோக்வானேக்குப் போனாள். அங்கே அவளுக்கு வேறு குடும்பம் ஆயிற்று. என்னை வளர்த்தது அப்பாவின் அக்கா, எடித் அத்தை. சிவூ ஊரிலிருந்து உள்ளே இருபது கிலோமீட்டர் தள்ளி அவள் கிராமம். இப்போது நான் க்வேரு நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். சீட்டில் எழுதியிருக்கிற அளவுக்குக் கண்ணாடி தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை.

விடுதலைக்கு முந்தின நாள் அத்தைக்குப் போன் செய்தேன். நேரே அவள் வீட்டுக்குத்தான் கூட்டிவருவதாக நினைப்பு. அத்தை கொஞ்ச நேரம் இருமினாள். பிறகு சொன்னாள்.

"பீர் இப்பதான் ஊறப் போட்டிருக்கு. ஏழு நாள் ஆகும். முன்னோருக்கு ஊத்திச் சொல்லாம அவன் இந்த வாசலை மிதிக்கக் கூடாதுன்னு உன் மாமா உட்கார்ந்திருக்காரு. செத்தவன் அவன் முதுகிலேயே ஏறி வருவானாம்."

"அதுவரைக்கும் எங்க வெச்சுக்கிறது அத்தை? எனக்கு ஒரே ஒரு ரூம்."

"கார் வெச்சிருக்கேல்ல? ஊர் சுத்து. பதினாறு வருஷமா ஒரே சுவரைப் பார்த்தவனுக்கு நாலு இடம் காட்டு. உனக்கும்தான் என்ன கிழிக்கிற வேலை அங்க."

அவள் கேலியாகச் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் அப்பா ஒவ்வொரு தடவை லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வரும்போதும் என்னிடம் சொல்வார், ஏழாம் வகுப்பு பாஸ் பண்ணு, உன்னை விக்டோரியா அருவிக்குக் கூட்டிப்போகிறேன் என்று. இன்னொன்றும் உண்டு. ஒரு அறையில் எதிரெதிரே உட்கார்ந்து அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. காரில் என்றால் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு வாரம் லீவு போட்டேன்.

வாசலில் அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. யாரோ கொடுத்த கோட்டு, கை நீளம் பத்தவில்லை. கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் இரண்டு கையையும் குவித்து மெதுவாகத் தட்டி, வெளியாளுக்கு வணக்கம் சொல்வதுபோலச் சொன்னார். நானும் முழங்கால் மடித்துத் தட்டினேன். என் பழைய ஹோண்டா ஃபிட்டின் கதவுப் பக்கம் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். நான் சுற்றிவந்து திறந்த பிறகுதான் ஏறினார்.

"எங்க போறோம்?" என்றுகூட அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். அத்தை வீட்டுக் கூரைத் தகடு மாற்றுகிறார்கள், அதனால் ஒரு வாரம் சுற்றிவிட்டுப் போகலாம் என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். கொஞ்ச தூரம் போனதும், "பீர் ஊறணும்ல" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ரோட்டில் அவருடைய இடது கால் சும்மா இருக்கவில்லை. நான் பிரேக் போடும்போதெல்லாம் இல்லாத கிளட்சை மிதித்தது. இந்தக் காரில் கிளட்ச் கிடையாது என்று சொன்னேன். காலை இழுத்து வைத்துக்கொண்டார். இரண்டு நிமிடத்தில் மறுபடி மிதித்தார். சிவூவில் அத்தை கிராமத்துக்குப் பிரியும் பாதை வந்தபோது தலையைத் திருப்பி, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார்.

மஸ்விங்கோவில் சாப்பிடப் போனோம். பரிமாறுகிற பெண் அட்டையை நீட்டினாள். அப்பா அதைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கண்ணாடி தேவைப்படும் என்று எனக்குத் தெரிந்தது. எது வேண்டும் என்று அவள் மூன்று தடவை கேட்டாள். கோழியா, மாட்டிறைச்சியா, சட்சா களியா, சோறா. அவர் நெற்றியில் வேர்த்தது. கடைசியில், "எல்லாருக்கும் என்னவோ அதையே குடுங்கம்மா" என்றார். நான் களியும் மாட்டிறைச்சிக் குழம்பும் சொன்னேன். தட்டு வந்ததும் இடது கையால் அதை வளைத்துப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சாப்பிட்டு முடித்தார். நான் பாதியில் இருந்தேன். அவர் காலித் தட்டோடு நேராக உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை கிரேட் ஜிம்பாப்வே என்ற பழைய கல் நகரத்துக்குப் போனோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பேருந்து நிறைய வந்திருந்தார்கள். எனக்கும் அதுதான் முதல் தடவை. பாடப்புத்தகத்தில் பார்த்த அதே கல்மதில், அதே கூம்பு கோபுரம். நேரில் அது பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். வழிகாட்டி கொழுத்த மனிதர், பிள்ளைகளையும் எங்களையும் சேர்த்தே ஓட்டிக்கொண்டு போனார். வெளிமதிலுக்கும் உள்மதிலுக்கும் நடுவே ஒரு சந்து போகிறது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்தைப் போல ஐந்தாறு மடங்கு கல். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். அப்பா அதன் வாயில் நின்றுவிட்டார்.

"என்ன பெரியவரே, நானே நுழைஞ்சு வெளிய வர்றேன். உங்களுக்கு என்ன, காத்தடிச்சாப் பறக்கிற உடம்பு" என்றார் வழிகாட்டி. பிள்ளைகள் சிரித்தார்கள்.

அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். "நீ போய்ட்டு வாம்மா. நான் இங்க நிக்கிறேன்" என்று என்னிடம் சொன்னார்.

நான் போனேன். சந்தின் நடுவில் வந்ததும் எனக்கு ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். அவருடைய பதினாறு வருடம், இந்த மாதிரி ஏதாவது. ஒன்றும் தோன்றவில்லை. முன்னால் போன பிள்ளையின் ஸ்வெட்டரில் ஒரு ஓட்டை இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே மறுபக்கம் வந்துவிட்டேன். திரும்பியபோது அப்பா மதிலைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"இதுல சிமெண்ட் இல்லையா?"

"இல்லப்பா. கல்லு மேல கல்லு."

"நல்லா வெச்சிருக்கானுங்க" என்றார்.

புலவாயோவில் ஒரு தேவாலயத்து விடுதியில் தங்கினோம். காலையில் ஏழு மணிக்கு அவர் கதவைத் தட்டினேன். குளித்து, கோட்டு போட்டு, கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். போர்வை நான்கு மூலையும் கத்தி வைத்ததுபோல மடிந்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டேன். விடிந்ததிலிருந்து என்றார்.

மட்டோபோ மலைக்கு அன்றுதான் போனோம். வழுக்கைப் பாறை மேல் ஏறி உட்கார்ந்தால் கண்ணுக்கெட்டியவரை பாறையும் வானமும்தான். கலர் கலராக ஓணான்கள் மனிதர்களுக்குப் பயப்படாமல் காலடிவரை வரும். அப்பா பையிலிருந்து முந்தைய நாள் ரொட்டியை எடுத்துப் பிய்த்துப் போட்டார். ஒரு நீலத்தலை ஓணான் மற்றதை விரட்டிவிட்டு எல்லாவற்றையும் தானே தின்றது. "இவன்தான் இங்க பெரிய ஆளு. எங்க செல்லுலயும் ஒருத்தன் இருந்தான்" என்றார். இரண்டு நாளில் சிறையைப் பற்றி அவர் தானாகச் சொன்ன முதல் சங்கதி. அந்த ஆளைப் பற்றி இன்னும் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "எதுக்கும்மா எனக்கு இதெல்லாம் காட்டறே?"

"நீங்கதானேப்பா சொன்னீங்க. ஏழாவது பாஸ் பண்ணினா அருவி காட்டறேன்னு."

"நானா?"

"ஒவ்வொரு தடவை வரும்போதும் சொல்வீங்க."

அவர் யோசித்தார். உண்மையாகவே தேடுகிறார் என்று முகத்தில் தெரிந்தது. "ஞாபகம் இல்லம்மா" என்றார். "பாஸ் பண்ணினியா?"

பண்ணினேன் என்றேன். அந்த வருடம் மாவட்டத்தில் நான் நான்காவது. அதைக் கடிதத்தில் எழுதியிருந்தேன், பதிலும் வந்திருந்தது. அதையும் சொல்லவில்லை. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காற்று அடித்தது, நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

இறங்கி வரும்போது அவர் பின்னாலிருந்து சொன்னார்: "அருவிக்கு ஹ்வாங்கே வழியாத்தானே போகணும்?"

"ஆமாம்."

"அங்க ஒரு வீட்டுக்குப் போகணும்."

யார் வீடு என்று கேட்கத் தேவையில்லை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்கிற வழக்கம் இல்லை. கொன்றவன் நேரே போய் நிற்கக் கூடாது. பெரியவர்கள் தூது போவார்கள், தூரத்தில் நின்று குரல் கொடுப்பார்கள், அடி வாங்கினாலும் வாங்குவார்கள், பிறகுதான் பேச்சு. இதெல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கேட்டுவிட்டு, "நீ கார்லயே இரு" என்றார். அவ்வளவுதான் அவருடைய பதில்.

ஹ்வாங்கே ரோட்டில் அவர் கொஞ்சம் பேசினார். இங்கே யானை குறுக்கே வரும், இங்கே இறக்கம் அதிகம், சுமையோடு வந்தால் மூன்றாவது கியருக்கு மேல் போகக் கூடாது. எல்லாம் சரியாகவே இருந்தது. லுபானே தாண்டி ஒரு போலீஸ் மறிப்பு. இளம் போலீஸ்காரர் லைசென்ஸ் பார்த்தார், தீயணைக்கும் சிலிண்டரைக் காட்டச் சொன்னார். நான் இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தபோது அப்பாவும் இறங்கியிருந்தார். ரோட்டு ஓரத்தில், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, கைகளை முழங்கால் மேல் வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறையில் காவலர் வந்தால் அப்படித்தான் உட்கார வேண்டும்.

போலீஸ்காரருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் மாறியது. "எந்திரிங்க பெரியவரே. உங்களை ஒண்ணும் கேக்கல" என்றார். அப்பா எழுந்திருக்கவில்லை. போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் போய்த் தோளைத் தொட்டேன். அவர் வெளியே வந்த பிறகு நான் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எலும்பு கையில் பட்டது. "போலாம்ப்பா" என்றேன். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். போலீஸ்காரர் சிலிண்டரைப் பார்க்காமலே போகச் சொன்னார்.

சூமா வீடு சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், எல்லா வீடும் ஒரே அச்சு. அப்பாவுக்கு முகவரி தெரிந்திருந்தது. சிறையில் ஒரு பாதிரியார் விசாரித்துச் சொன்னாராம். மாலை நான்கு மணி இருக்கும். வாசலில் ஒரு பெண், ஐம்பது வயதுக்கு மேல், சாக்கில் உலர்ந்த கபென்டா மீனைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா காரிலிருந்து இறங்கி, வேலிக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து, கைதட்டினார். நானும் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காரில் இருக்க முடியவில்லை.

அவள் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த மீனைச் சாக்கில் போட்டாள்.

"நீ அந்த ஆளா?"

"ஆமாங்க. ஜைரோஸ் மட்சிக்கா."

"விட்டுட்டாங்களா?"

"செவ்வாக்கிழமை."

அவள் பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை. சூமாவின் மனைவியை அக்கம்பக்கத்தார் பிறந்த வீட்டுப் பெயரால் மாசிபண்டா என்று கூப்பிடுவதாகப் பின்னால் மாமா சொன்னார். தெருவில் போன இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் உள்ளே போனாள். கம்பு எடுத்துவரப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு தகரக் குவளையில் தண்ணீரோடு வந்தாள். வேலிக்கு மேலாக என்னிடம் நீட்டினாள்.

"பொண்ணு குடிக்கட்டும். உனக்குக் கிடையாது."

"சரிங்க" என்றார் அப்பா.

நான் குடித்தேன். குடிக்காமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் குவளையை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "பதினாறு வருஷம் நீ வந்தா என்ன கேக்கறதுன்னு சேர்த்து வெச்சிருந்தேன். பாத்திரம் கழுவும்போதெல்லாம் வாய்க்குள்ளயே உன்னத் திட்டுவேன். இப்ப பாரு, ஒண்ணும் வரல."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அவரு கடைசியா என்ன சொன்னாரு?"

ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடுங்கள் என்று எனக்கு மனதுக்குள் இருந்தது. உங்கள் பெயரைச் சொன்னார், பிள்ளையின் பெயரைச் சொன்னார் என்று. அப்பா அப்படிச் சொல்லவில்லை.

"என் லாரிதான் முன்னாடின்னு சொன்னாரும்மா. அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல."

"அவரு லாரிதான் முன்னாடியா?"

"ஆமாங்க. அவருதான் முன்னாடி வந்தாரு."

கோர்ட்டில் கடைசிவரை அப்பா இதை ஒத்துக்கொண்டதில்லை. எனக்கும் அன்றுதான் தெரிந்தது. மாசிபண்டா தலையை மெதுவாக ஆட்டினாள், கடையில் விலை கேட்டுத் தெரிந்துகொண்டவள்போல. பிறகு சொன்னாள், மகன் ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து வருவான், அவன் பார்த்தால் சும்மா இருக்க மாட்டான். "கிளம்பு. உன் பெரியவங்களை அனுப்பு, முறையாப் பேசட்டும். நீ வராதே."

அப்பா கைதட்டிவிட்டு எழுந்தார். அவள் அதற்குள் மறுபடி உட்கார்ந்து கல் பொறுக்க ஆரம்பித்திருந்தாள்.

அருவிக்கு மறுநாள் போனோம். ஜூனில் தண்ணீர் அதிகம். தூரத்திலேயே புகை மாதிரி எழும்புவது தெரிகிறது. வாசலில் மழைக்கோட்டு வாடகைக்குக் கொடுத்தார்கள். அப்பாவுக்குக் கிடைத்தது மஞ்சள், எனக்குப் பச்சை. வெளிநாட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு போன் நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பார்வை இடமாக நின்று நின்று போனோம். ஒரு இடத்தில் எதிரே ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. தண்ணீர் மேலிருந்து விழுகிறதா கீழேயிருந்து எழுகிறதா என்றுகூடத் தெரியாது. முகம், சட்டைக்கை, செருப்பு எல்லாம் நனைந்துவிட்டது. நான் அவரைப் பார்த்தேன். அவர் வாயைக் கொஞ்சம் திறந்து நின்றார். அழுகிறாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

"எப்படி இருக்குப்பா?" என்று காதில் கத்தினேன்.

"சத்தம் அதிகம்" என்றார்.

நான் அருவியைப் பார்த்து நின்றபோது நினைத்ததெல்லாம் அந்தத் தகரக் குவளையைப் பற்றித்தான். அதை அவள் கழுவியிருப்பாளா, தூக்கி எறிந்திருப்பாளா என்று. அப்பாமேல் கோபம் வரும் என்று பார்த்தேன். பாசம் வரும் என்று பார்த்தேன். பசிதான் வந்தது. வெளியே வந்து ஆளுக்கு இரண்டு பன் வாங்கிச் சாப்பிட்டோம். ஒரு புகைப்படக்காரர் விடாமல் நச்சரித்து எங்களை அருவிப் புகைக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்து, அங்கேயே அச்சடித்துக் கொடுத்தார். சிரிங்க சிரிங்க என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். படத்தில் மஞ்சள் கோட்டும் பச்சைக் கோட்டும் தெரிகின்றன.

ஏழாம் நாள் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். மாமா பீர் ஊற்றி முன்னோரிடம் சொன்னார். ஹ்வாங்கேயில் நடந்ததை நான் சொன்னதும் அவர் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார், பிறகு இரண்டு பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டு அக்டோபரில் புறப்பட்டார். சூமாவின் மகன் அவர்களைக் கல்லெடுத்து விரட்டினான். அடுத்த வருடம் மறுபடி போனார்கள். மாசிபண்டா மகனை உட்காரவைத்துப் பேசினாள். உயிருக்கு ஈட்டை மாடுகளாகக் கொடுப்பது என்று முடிவாயிற்று. மாடுகளை ஓட்டிப்போனபோதும் அப்பாவைக் கூட்டிப்போகவில்லை. அன்று அவர் ஆட்டுப்பட்டிக்கு முள்வேலி கட்டிக்கொண்டிருந்தார் என்று அத்தை சொன்னாள்.

அவர் இப்போதும் அங்கேதான் இருக்கிறார். நான் கண்ணாடி ஒன்று செய்து அனுப்பினேன், பைபிள் படிக்கப் போடுகிறார். வண்டி ஓட்டக் கூப்பிட்டால் மாட்டேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். ஆடு எப்படி இருக்கிறது, மழை வந்ததா என்று கேட்பேன். வந்தது, வரவில்லை என்பார். எனக்கும் அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை. அந்தப் படத்தை அத்தை கண்ணாடி அலமாரியில் தட்டுகளுக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறாள். அந்தக் கிராமத்தில் அருவியை நேரில் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை. அதனால் வருகிறவர்கள் எல்லாம் அப்பாவிடம் கேட்கிறார்கள், எப்படி இருந்தது என்று.

"தண்ணி நெறைய" என்கிறார் அவர்.